வயிற்றுவலி நடிப்பல்ல

பாளையங்கோட்டை

அன்புள்ள சரசு,

பதில் எழுதாததற்கு நீ என்னைத் திட்டியதாக மேரி சொன்னாள். திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். அத்தை வழக்கம்போல மருமகளைத் தவிர ஊரில் உள்ள அனைவரையும் பாராட்டிக்கொண்டிருக்கிறார்.

உன் மகள் கல்லூரிக்குப் போக மறுக்கிறாள், காலையானால் வயிற்றுவலி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி இல்லை, எல்லாம் நடிப்பு என்று எழுதியிருந்தாயே. அதைப் படித்ததிலிருந்து என் கதையை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றிருக்கிறது.

ஆடி மாதம் நாகர்கோவில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வள்ளியூர் தாண்டியதும் நெஞ்சு படபடத்தது. விரல்கள் மரத்தன, மூச்சு போதவில்லை, வியர்வையில் புடவை நனைந்தது. சாகப் போகிறேன் என்பதில் சந்தேகமே இல்லை. யாரோ ஒரு புண்ணியவதி நடத்துநரைக் கூப்பிட்டு என்னை மருத்துவமனையில் சேர்த்தார். ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துவிட்டு, ‘ஒன்றுமில்லை, வாயுவாக இருக்கும்’ என்று அனுப்பினார்கள். பில்லைப் பார்த்தபோதுதான் உண்மையிலேயே நெஞ்சு வலித்தது.

அது மறுபடியும் வந்தது. வந்துவிடுமோ என்ற பயம் அதைவிட மோசம். முதலில் பஸ்ஸை விட்டேன், பிறகு தேர்த் திருவிழா, கல்யாண மண்டபம், கடைசியில் தெருமுனைக் காய்கறிக் கடை. நினைத்தவுடன் எழுந்து வெளியேற முடியாத இடம் எதுவும் ஆகவில்லை. கணக்கு டீச்சரையே எதிர்த்துப் பேசியவளடி நான்! அத்தை மந்திரித்துக் கயிறு கட்டினார். கயிறு பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குத் தம்பிதான் கூட்டிப்போனான். டாக்டரம்மா முதலில் தைராய்டைச் சோதித்தார். அது கூடினாலும் இதே படபடப்பு வருமாம். எனக்கு அது சரியாக இருந்தது. பிறகு விளக்கினார். இதற்குப் ‘பேனிக் அட்டாக்’, அதாவது திடீர்ப் பீதித் தாக்குதல் என்று பெயராம். ஆபத்து இல்லாதபோதே மூளை ஆபத்து என்று முடிவுகட்டி உடம்பை முடுக்கிவிடுகிறது. வேகவேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, தலைசுற்றலும் விரல் மரப்பும் அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கிவிடும். அதற்குள் நாம் ஓடிவிடுகிறோம். ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் ஓடுகிறோம்.

மாத்திரை கொடுத்தார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தூக்க மாத்திரைபோல் பழக்கமாகிவிடாது, ஆனால் நாமாக நிறுத்தக்கூடாது. காபியைக் குறைக்கச் சொன்னார், அதுதான் பெரிய கொடுமை. கூடவே பஸ் பாடம்: சமாதானபுரத்திலிருந்து வண்ணார்பேட்டை வரை, என்ன படபடத்தாலும் இறங்கக்கூடாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு முருகனையும் டாக்டரம்மாவையும் மாறி மாறித் திட்டினேன். இறங்கவில்லை. இப்போது திருநெல்வேலி ஜங்ஷன் வரை போகிறேன். நாகர்கோவில் இன்னும் இல்லை.

உன் மகளுக்கும் இதேதான் என்று நான் சொல்லவில்லை. தேர்வென்றால் யாருக்கும் வயிறு கலங்கும், தேர்வு முடிந்தால் அடங்கிவிடும். மாதக்கணக்கில் நீடித்து, படிப்பையே நிறுத்தும் அளவுக்கு வந்தால் அதைச் சோம்பல் என்று ஒதுக்காதே. வகுப்பில் எழுந்து பேச வேண்டிய நாட்களில்தான் வலி வருகிறதா என்று கவனி. நாலு பேர் முன்னால் நிற்கவே நடுங்கும் கோளாறு பெரும்பாலும் பதின்ம வயதில்தான் தொடங்குகிறது. பயத்தில் வயிற்றைப் பிசைவதும் நிஜ வலிதான், சரசு. அவள் அப்பா கத்துவதால் அது குறையாது. பாவம் என்று நீ வீட்டிலேயே வைத்துக்கொண்டாலும் குறையாது. இரண்டும் எங்கள் வீட்டில் நடந்து பார்த்தாயிற்று.

மனநல மருத்துவரிடம் போனால் நாளை வரன் பார்க்கும்போது பேச்சு வரும் என்று நீ கவலைப்படுவாய், உன்னைத் தெரியாதா எனக்கு? டெலி மனஸ் என்று மத்திய அரசு 2022-இல் தொடங்கிய மனநல உதவி எண் இருக்கிறது, 14416. இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். முதலில் நீ பேசு. அவளை மருத்துவரிடம் கூட்டிப்போவதைப் பிறகு முடிவுசெய்யலாம்.

என் பஸ் கதையை அவளிடம் சொல், சித்தியை நினைத்துச் சிரிக்கட்டும். சம்மதித்தால் நானே அவளுடன் பேசுகிறேன். அவள் அப்பாவுக்குத் தெரிய வேண்டாமென்றால் எந்த நேரம் தோதுப்படும் என்று எழுது.

அன்புடன்,
விஜி