மேல் ஸ்வரத்தில் விரல், கீழ் ஸ்வரத்துக்குத் தொண்டை

கும்பகோணம்
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும், சாக்ஸபோனில் தோடி ராகம் வாசித்து நீ போனில் அனுப்பிய பதிவுகளும் வந்து சேர்ந்தன. நாலு பக்கம் ரீட்டை, அந்த ஊதுகிற நாணல் பட்டையைப் பற்றியும் தோடியைப் பற்றியும் எழுதிவிட்டு, பெரியவளுக்கு வரன் அமைந்த செய்தியைக் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறாய். தங்கச்சி அந்தக் கடிதத்தைப் பார்த்திருந்தால் சாக்ஸைத் தூக்கித் தாமிரபரணியில் போட்டிருப்பாள். குழந்தைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். மாப்பிள்ளைப் பையன் மின்வாரியமா, மின்சாரக் கடையா? உன் கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது.

இங்கே அடைமழை. அரிசிலாற்றில் தண்ணீர் நிறைய போகிறது. கச்சேரி எதுவும் இல்லாததால் உன் பதிவுகளைப் பொறுமையாகக் கேட்க நேரம் கிடைத்தது.

நேராகச் சொல்லிவிடுகிறேன். மூச்சு அருமை. போலீஸ் பேண்டில் அத்தனை வருஷம் நடந்துகொண்டே ஊதிய உடம்பு, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஸ்வரங்களும் சுத்தமாக நிற்கின்றன. ஆனால் தோடியில் காந்தாரம், அந்தக் 'க' ஸ்வரம் வரும்போதெல்லாம் ஒரே மாதிரி நடுங்குகிறது. பஞ்சமத்திலும் அதே நடுக்கம், தைவதத்திலும் அதே நடுக்கம். அது மேல்நாட்டார் ஒரே ஸ்வரத்தை நடுங்க வைக்கிற வைப்ரேட்டோ. அதைக் கமகம், நம் ராகத்துக்கு உயிர் கொடுக்கிற அசைவு, என்று நினைத்துக்கொண்டு இன்னும் பத்து வருஷம் சாதகம் செய்தாலும் தோடி வராது.

வைப்ரேட்டோ மட்டமான சரக்கு என்று சொல்லவில்லை. பிரான்சில் மார்செல் முல் என்று ஒரு மேதை இருந்தார். பாரிஸ் கன்சர்வேட்டரியில் 1942 முதல் 1968 வரை சாக்ஸபோன் சொல்லிக்கொடுத்தவர். நிமிஷத்துக்குச் சுமார் 300 அலை வருகிற மாதிரி தாடையை அசைக்கப் பழக்குவார்களாம் அந்த வழியில். மெட்ரோனோம் என்கிற தாளக் கருவியை வைத்துக்கொண்டு செய்கிற பயிற்சி. அவர்கள் இசைக்கு அது அழகு. அந்த அலை ஒரு ஸ்வரத்தைச் சுற்றியே இருக்கும், அதை விட்டு எங்கும் போகாது. நம் கம்பிதம், அந்த அசைந்தாடுகிற கமகம், அப்படி இல்லை. தோடி காந்தாரம் கீழே ரிஷபத்தில் (ரி) கால் வைத்து, மேலே மத்யமத்தை (ம) எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. காந்தாரம் என்று நின்று பேசுகிற இடம் அதற்கு அநேகமாக இல்லவே இல்லை. அப்புறம், அதற்குத் தாளம் உண்டு. வர்ணத்தை முதல் காலத்தில் வாசிக்கும்போது ஒரு தீர்க்கத்தில், அதாவது நீட்டி வாசிக்கிற ஸ்வரத்தில், எத்தனை அசைவு வருகிறதோ, இரண்டாம் காலத்தில் அது சரிபாதிக்குப் போய்விடும். உன் பதிவில் இரண்டு காலத்திலும் நடுக்கம் ஒரே வேகத்தில் ஓடுகிறது. கவனித்துக் கேள், உனக்கே தெரியும்.

சரி, எப்படிச் செய்வது என்றுதானே கேட்கிறாய்?

நாதஸ்வரத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஏழு துளை, மேலே வெறும் விரல். துளையைப் பாதி திறக்கலாம், கால்வாசி திறக்கலாம், விரலை உருட்டலாம். மீதியை, வாயில் வைத்து ஊதுகிற சீவாளியில் உதடு பார்த்துக்கொள்ளும். சாக்ஸில் உன் விரலுக்கும் துளைக்கும் நடுவே ஒரு சாவி, ஒரு ஸ்பிரிங், ஒரு தோல் பேட். அடோல்ஃப் சாக்ஸ் 1846-ல் பாரிஸில் உரிமம் வாங்கியபோது, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, சத்தமாக, சுத்தமாக வரவேண்டும் என்பதுதான் தேவையாக இருந்தது. ராணுவ பேண்டுக்கு அதுதானே வேண்டும்! ஆக, அந்த வாத்தியம் கமகத்துக்கு எதிராகவே செய்யப்பட்டது என்று வைத்துக்கொள். அதை விரலால் மட்டும் ஜெயிக்கப் பார்க்கிறாய் நீ. ரி-ம-ரி-ம என்று சாவியை மாற்றி மாற்றி அடித்தால் வருவது ஹார்மோனியத் தோடி.

வேலை தொண்டையில் இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு வாத்தியத்தைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, மவுத்பீஸை மட்டும் கையில் எடு. வழக்கமான பிடியில் ஊது. ஆல்டோ மவுத்பீஸ் தனியாக ஊதினால் ஏறக்குறைய ஆறு கட்டைச் சுருதியில் ஒரு கீச்சுச் சத்தம் வரும். அதற்கு மேலே போனால் நீ கடிக்கிறாய் என்று அர்த்தம். பேண்டுக்காரர்கள் எல்லோருமே கடிப்பார்கள், வெயிலில் சத்தம் கேட்க வேண்டுமே. அந்தச் சத்தத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு நி, த, ப என்று இறங்கு. தாடையைத் தொங்கப் போடாதே. நாக்கின் பின்பகுதியையும் தொண்டையையும் மாற்று, ஈ என்பதிலிருந்து ஆ, ஓ என்று வாய்க்குள்ளே போகிற மாதிரி. முதலில் இரண்டு ஸ்வரம்கூட இறங்காது, வீட்டில் எல்லோரும் உன்னைத் திட்டுவார்கள். பழகினால் ஒரு ஸ்தாயி வரைக்கும் இறங்கி ஏறலாம். மவுத்பீஸில் மட்டும் மோகனம் ஆரோகண அவரோகணம் வாசித்து அனுப்பு. அது வந்த பிறகுதான் தோடியைப் பற்றி உன்னோடு பேசுவேன்.

இதோடு இன்னொன்று. சாக்ஸின் அடிமட்ட ஸ்வரமான கீழ் பி ஃபிளாட் விரலை வைத்துக்கொண்டு, எதையும் அசைக்காமல், தொண்டையால் மட்டும் மேல் ஸ்வரங்களை எழுப்பு. முதலில் மேல் ஸட்ஜம், அடுத்து பஞ்சமம், அடுத்து அதற்கும் மேல் ஸட்ஜம், பிறகு அந்தர காந்தாரம். தம்புராவில் தானாகக் கேட்கிறது என்று சொல்வோமே, அதே காந்தாரம்தான். வெள்ளைக்காரப் பிள்ளைகள் தினமும் இதைச் செய்கிறார்கள். நம்மவர்கள் பலர் இதைத் தொடுவதே இல்லை.

இப்போது விரலுக்கு வருகிறேன். உதடு தளர்ந்தால் சுருதி இறங்கும், இது உனக்குத் தெரியும். ஏற்றுவதற்கு அவ்வளவு இடம் கிடையாது. அதனால் ஒரு கம்பிதம் எந்த இரண்டு ஸ்வரத்துக்கு நடுவே போகிறதோ, அதில் மேல் ஸ்வரத்தில் விரலை வை. கீழ்ப்பக்கத்துக்குத் தொண்டையால் இறங்கு. தோடி காந்தாரத்துக்கு மத்யம விரலைப் பிடித்துக்கொண்டு ரிஷபத்தை நோக்கி இறக்கிப் பார். முழுசாக இறங்காது, ரிஷபத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். மீதியை விரல் மெதுவாக மூடி முடிக்கட்டும். சாவியைப் பட்டென்று அடிக்காமல், பேட் துளையை நெருங்க நெருங்கச் சுருதி சரிகிற மாதிரி மூட வேண்டும். ஸ்பிரிங் ரொம்ப விறைப்பாக இருந்தால் இது முடியாது, ரிப்பேர்காரரிடம் கொஞ்சம் இளக்கித் தரச் சொல். பேட் காற்று விடுகிறதா என்றும் அப்படியே பார்த்துவிடச் சொல், மெதுவாக மூடும்போது ஒழுகல் உடனே காட்டிக்கொடுக்கும்.

தொண்டை வேலை மேல் ஸ்தாயியில் நன்றாகப் பேசும். அங்கே குழலுக்குள் இருக்கிற காற்றின் பிடி தளர்வு, நம் வாய் சொல்வதை ரீட் கேட்கும். கீழே போகப் போகக் குழல்தான் எஜமான், நீ என்ன செய்தாலும் அரை ஸ்வரம் அசைந்தால் அதிகம். அதனால் மந்தரத்தில், அந்தக் கீழ் ஸ்தாயியில், பெரிய கம்பிதம் எதையும் முயற்சி செய்யாதே. அங்கே விரலால் வழுக்குகிற ஜாருவும் மூச்சின் ஏற்ற இறக்கமும் போதும். நம் பெரிய வித்வான்கள் மந்தரத்தில் சும்மா நின்று ஊதினாலே நன்றாகத்தானே இருந்தது?

உன் பதிவில் இன்னொரு இடம் கேட்டது. நிஷாதத்திலிருந்து ஸட்ஜத்துக்குப் போகிறபோதெல்லாம் கடக் கடக் என்று சாவிச் சத்தம். நீ டி விரலை ஸட்ஜமாக வைத்திருக்கிறாய், நாலு கட்டை. பாட்டுக்காரர்களோடு சேர வசதிதான். ஆனால் சி-யில் ஒரே விரல், சி ஷார்ப்பில் ஒரு விரலும் இல்லை, டி-யில் கை முழுக்க விரல், கூடவே ஒரு ஸ்தாயி ஏற்றுகிற ஆக்டேவ் சாவி. அந்தப் பள்ளம் சரியாக உன் நி-ஸ நடுவில் விழுகிறது. இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கீழ் சி விரலையே வைத்து ஆக்டேவ் சாவியை அழுத்தினால் அதே நடு சி வரும். கீழ் சி ஷார்ப்புக்கும் அப்படியே. ஸட்ஜத்திலிருந்து நிஷாதத்துக்குச் சுண்டுவிரல் மட்டும் வேலை செய்தால் போதும். நாதம் கொஞ்சம் மாறும், ரீட்டைக் கடிக்காமல் ஊதினால் பொருந்திவிடும். நி-ஸ-நி என்று தொங்குகிற ஸ்வரக் கோவைகளுக்கு இதைவிட்டால் வழி இல்லை.

ரீட் பற்றிக் கேட்டிருந்தாய். மூன்றாம் நம்பரை விட்டு இரண்டரைக்கு வா, இரண்டுகூடப் பரவாயில்லை. பேண்டில் மெல்லிய ரீட் வைத்திருந்தால் கேலி செய்வார்கள், தெரியும். அங்கே வளைய வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் ரேக்கில் இருக்கிற விலை உயர்ந்த மவுத்பீஸ் எதையும் இப்போது வாங்காதே. கல்யாணச் செலவு வருகிறது.

துத்துகாரத்தைக் குறை. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நாக்கு போட்டு வெட்டுகிறாய், மார்ச் வாசித்த பழக்கம். ஜண்டை வரிசையை எடுத்துக்கொள். ஸஸ ரிரி கக என்பதில் இரண்டாவது ஸ்வரத்தை நாக்கால் தட்டாமல், கீழ் ஸ்வரத்தை ஒரு கணம் தொட்டுவிட்டு மேலே வந்து அழுத்து. அதுதான் ஸ்புரிதம். சாக்ஸில் இது மிகச் சுலபமாக வரும், விரல் ஒரு கணம் தட்டினால் போதும். இதையும் ஜாருவையும் வைத்தே மோகனம், ஹம்ஸத்வனி எல்லாம் பாதி நின்றுவிடும். தோடி, பைரவி, முகாரி மூன்றையும் ஒரு வருஷத்துக்குத் தள்ளிவை. உனக்குக் கோபம் வரும், வரட்டும்.

உங்கள் ஊர்ப் பக்கத்து விஷயம், உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். கமகங்களை வகைபிரித்து, குறி போட்டு எழுதிய சுப்பராம தீட்சிதரின் பெரிய புத்தகம் 1904-ல் எட்டயபுரத்தில்தான் அச்சானது. நொக்கு, ஒடுக்கல், ஓரிக்கை, ரவை, கண்டிப்பு என்று வீணைக் கையை மனதில் வைத்து எழுதியிருக்கிறார். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒடுக்கல் என்பது வீணையில் ஒரே மெட்டில் கம்பியை இழுத்து மேல் ஸ்வரத்தைப் பிறப்பிப்பது. நாம் அதையே தலைகீழாக, மேலிருந்து கீழே தொண்டையால் செய்கிறோம், அவ்வளவுதான்.

1994-ல் கத்ரி கோபால்நாத் சாக்ஸ் வாசித்த டூயட் படம் வந்தபோது பேண்டில் பாதிப் பேர் சாக்ஸ் வாங்க அலைந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அதே வருஷம்தான் அவர் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் பிபிசியின் ப்ராம்ஸ் கச்சேரியிலும் வாசித்தார். எல்லோரும் அவர் விரலைப் பார்த்தார்கள். நான் யோசித்தது வேறு. அவருடைய அப்பா நாதஸ்வர வித்வான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸைக் கேட்டு ஆசைப்படும் முன்பே கமகம் அவர் காதில் குடியேறிவிட்டது. அதற்குப் பிறகும் மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடம், சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் என்று வாய்ப்பாட்டு வழியில் பாடம் கேட்டார். வாத்தியத்தைத் தன் வசதிக்கு மாற்றியும் கொண்டார். வாயில் பாட வராத ஒரு ஸ்வரக் கோவை அந்தக் குழாயில் வரவே வராது. நீ பாட வெட்கப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். மாடியில் போய்ப் பாடு, மழையில் யாருக்கும் கேட்காது.

கேட்பதற்கு இரண்டு பேர் போதும். ஒன்று, உங்கள் நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம். பதிவுகளை வேகம் குறைத்துக் கேட்க இப்போது போனிலேயே வசதி இருக்கிறது. ஒரு காந்தாரத்தை மட்டும் எடுத்து, பாதி வேகத்தில், அது எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று பார். இன்னொருவர் அமெரிக்காவில் டியூக் எல்லிங்டனின் ஜாஸ் குழுவில் ஆல்டோ வாசித்த ஜானி ஹாட்ஜஸ். 1928-ல் சேர்ந்து, நடுவில் சில வருஷம் போக, 1970-ல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் வழுக்குவதைக் கேட்டால் நம் ஏற்ற ஜாருவும் இறக்க ஜாருவும்தான். ராகம் தெரியாத மனுஷன், சாவி வைத்த வாத்தியத்தில் இவ்வளவு செய்தார். பிறகு நமக்கென்ன சாக்கு?

என் பக்கத்துச் செய்தி என்றால், மேல் முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்திருக்கிறது. மவுத்பீஸ் மேலே பல் படுகிற இடத்தில் ரப்பர் ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பல் டாக்டர் எடுத்துவிடலாம் என்கிறார். மார்கழி முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். சின்னவன் கோயம்புத்தூரிலேயே வீடு பார்த்துவிட்டான், என் வீட்டுக்காரி பேரப்பிள்ளையைப் பார்க்க அங்கேயே பாதி நாள்.

தேதியும் மண்டபமும் முடிவானவுடன் எழுது. நாதஸ்வரத்துக்கு அங்கே யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதே. திருவிடைமருதூர்ப் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேர் வாசிக்கிறார்கள், நல்ல தவில் செட்டும் இருக்கிறது, நான் பேசி வைக்கிறேன். நிச்சயதார்த்தத்தில் நீயே சாக்ஸ் வாசிக்கிறேன் என்று கிளம்பாதே. பெண்ணைப் பெற்றவனுக்கு அன்றைக்கு வாசலில் நின்று வரவேற்கிற வேலை இருக்கிறது.

அன்புடன்,
உன் மச்சான்