பரிசு கல்லுக்கா, மூட்டைக்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளைத் திரைக்கு முன்னாலிருந்து எழுப்புவது எப்படி என்று ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். கல் பொறுக்கப் போகலாம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அது தற்செயலாகத்தான் நடந்தது. பாறைகளும் கனிமங்களும் சேகரிக்கும் பொழுதுபோக்குக் குழு ஒன்று, கைவிடப்பட்ட ஒரு கல் குவாரிக்குச் சிறுவர்களை ஒரு நாள் கூட்டிப் போனது. ஒன்பது வயது மகளோடு நானும் ஒட்டிக்கொண்டேன். நல்ல ஏற்பாடு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடத்துக்காரரிடம் அனுமதி வாங்கியிருந்தார்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி இருந்தது, செங்குத்தாக வெட்டி நிற்கும் பாறைச் சுவரின் அடியில் யாரும் போய் நிற்காதபடி கயிறு கட்டியிருந்தார்கள். தச்சு வேலைக்கான சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு அப்பாவை, அதைத் திரும்ப வண்டியிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள், ஏனென்றால் அது ஆணி அடிக்கச் செய்தது, பாறையில் ஓங்கி அடித்தால் சுத்தியலின் முகமே சில்லாகத் தெறிக்கும். (அந்த அப்பா நான்தான்.)

என் குறையெல்லாம் இறங்கியதும் ஒருங்கிணைப்பாளர் சொன்ன ஒரே வாக்கியத்தைப் பற்றியது. சாயங்காலத்துக்குள் யார் அதிகக் கல் சேர்க்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு என்றார். அவ்வளவுதான், இருபது பிள்ளைகளும் பையைத் திறந்துகொண்டு ஓடினார்கள். அதற்கப்புறம் குனிந்து பார்த்தவர்கள் குறைவு, குனிந்து அள்ளியவர்கள்தான் அதிகம். என் மகள் 43 கல். ஜெயித்த பையனின் பையை அவனால் தூக்கவே முடியவில்லை, அவன் அம்மாதான் இழுத்துக்கொண்டு வந்தார்.

நிழலில் ஒரு மேசை போட்டு, ஒரு தன்னார்வலர் கற்களைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். பாதி நேரம் அந்த மேசை காலியாகக் கிடந்தது. எனக்கு வேறு வேலை இல்லாததால் நான் அங்கேயே நின்றேன். இரண்டு வெள்ளைக் கற்களை எடுத்துக் கையில் கொடுத்தார், பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆணியால் கீறிப் பார்த்தால் ஒன்றில் பள்ளம் விழுகிறது, இன்னொன்றில் ஆணியின் இரும்புதான் தேய்ந்து சாம்பல் கோடாக ஒட்டுகிறது. முதலாவது கால்சைட், அதாவது சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் கனிமம், கீறிய பொடியில் இரண்டு சொட்டு வினிகர் விட்டதும் பொசுபொசுவென்று நுரைத்தது. இரண்டாவது நாம் வெங்கச்சங்கல் என்கிற குவார்ட்ஸ், அது கண்ணாடியையே கீறும். எது எதைக் கீறும் என்று பார்த்து, ஃபிரெட்ரிக் மோஸ் என்ற கனிமவியலாளர் 1812இல் வகுத்த பத்துப் படிக் கடினத்தன்மை வரிசையில் கால்சைட்டுக்கு 3, குவார்ட்ஸுக்கு 7, நம் நகம் ஏறக்குறைய இரண்டரை. அது வரிசை மட்டும்தான், 6 என்பது 3ஐப் போல இரண்டு மடங்கு கடினம் என்று அர்த்தமில்லை என்றும் சொன்னார். பள்ளியில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான், ஆணி பிடித்துக் கீறியது இப்போதுதான்.

மேசைக்கு வந்த ஒரு சின்னப் பையனிடம் மூன்றே கல் இருந்தன. அதில் ஒன்று கறுப்பாக, கையில் வாங்கினால் பளுவாக இருந்தது. மெருகு பூசாத ஒரு பீங்கான் ஓட்டைக் கொடுத்து, அதில் கல்லை அழுத்தி இழுக்கச் சொன்னார் அந்தத் தன்னார்வலர். இழுத்தவன் கத்தினான்: "அக்கா, கறுப்புக் கல்லு சிவப்பா எழுதுது!" நிஜமாகவே செங்கல் தூள் நிறத்தில் ஒரு கோடு. ஹேமடைட், அதாவது இரும்புத் தாது. மேல் நிறம் ஆளை ஏமாற்றும், தூளின் நிறம் அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது. தங்கம் என்று நம்பி எத்தனையோ பேர் மடியில் கட்டிக்கொண்ட பைரைட்டும் அந்த ஓட்டில் கறுப்பாகத்தான் எழுதுமாம். ஹேமடைட் என்ற பெயரே ரத்தத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று கேட்டதும் அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அங்கேயே உட்கார்ந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதினான்: "ரெண்டாவது பள்ளத்துக்கு மேல, சரிவுல தனியா கிடந்தது. கறுப்பு. சிவப்பா எழுதும்." சீட்டோடு சேர்த்துக் கல்லைத் தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டான். பரிசு வரிசையில் அவன் கடைசி.

வீட்டுக்கு வந்து 43 கல்லையும் தரையில் கொட்டினோம். இது எங்கே எடுத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "அங்கதான்பா." இரண்டுக்கு மட்டும் இடம் ஞாபகம் இருந்தது. இடம் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்று தோன்றலாம், எனக்கும் தோன்றியது. ஆனால் ஒரு வெங்கச்சங்கல் உருண்டு வழவழப்பாக இருந்தால் தண்ணீர் அதை எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்திருக்கிறது, மேலே போய்த் தேடலாம். கூர் மழுங்காமல் இருந்தால் அது பிறந்த இடம் பக்கத்திலேயே இருக்கிறது. எடுத்த இடம் தெரிந்தால்தான் இந்த யோசனையே ஓடும். காக்காப்பொன் (மைக்கா) மினுங்கும் பாறையில் பதிந்திருக்கும் சிவப்புக் கார்னெட் மணியைத் தனியாக நோண்டி எடுத்தால் கையில் ஒரு சிவப்புப் பொட்டு மிஞ்சும், தாய்ப்பாறையோடு எடுத்தால், ஒரு காலத்தில் அது பூமிக்குள் ஆழத்தில் அழுத்தத்திலும் சூட்டிலும் வெந்த கதையும் கூடவே வரும். அருங்காட்சியகங்களில்கூட, எடுத்த இடம் தெரியாத கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆராய்ச்சிக்கு அதிகம் உதவாது.

ஆகவே இப்படிக் கூட்டிப் போகிற குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணிக்கைக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். பைக்குப் பதிலாகப் பிள்ளைக்கு ஒரு முட்டை அட்டையைக் கையில் கொடுங்கள், ஆறு குழி போதும். ஏழாவது கல் வேண்டுமென்றால் ஆறில் ஒன்றைக் கீழே போட வேண்டும், எதைப் போடுவது என்று யோசிக்கிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் பிள்ளை கல்லைப் பார்க்கிறது. எழுத்துப் பிழையை அழிக்கப் பூசும் வெள்ளை மையைக் கல்லின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் அதில் எண் எழுதி, அதே எண்ணுக்கு நேராக நோட்டில் இடத்தையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அந்த நோட்டுக்குக் கொடுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒன்று, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிள்ளை கல்லை நீட்டியதுமே "இது குவார்ட்ஸ்" என்று பெயரைச் சொல்லிவிடாதீர்கள். ஆணி இருக்கிறது, ஓடு இருக்கிறது, ஒரு சின்னக் காந்தமும் இருந்தால் நல்லது. தப்பாகவே கண்டுபிடிக்கட்டும். அப்புறம் முக்கியமான ஒன்று, பழுத்த நிலவியலாளர்கள் கல்லை நாக்கால் நக்கிப் பார்ப்பார்களாம். அதைப் பிள்ளைகள் பழக வேண்டாம், ஈயம் உள்ள தாதுவும் பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். கல்லைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவ வையுங்கள்.

இடம் மறந்த 41 கற்களும் இப்போது பூந்தொட்டிகளைச் சுற்றி வரிசையாகக் கிடக்கின்றன. மிச்சம் இரண்டுக்கும் மகள் எண் போட்டுவிட்டாள். அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம், சுத்தியலை இந்த முறை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்