கயிறா, மண்ணா?

ஆசிரியர் அவர்களுக்கு,

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்கள் நாவலை அப்படியே திரையில் கொண்டுவந்துவிட்டன என்று ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். பாதிதான் சரி. 2001இல் வந்த முதல் படத்தில், நாவலில் காட்டில் பாடித் திரியும் டாம் பாம்பாடில் இல்லை. எனக்கு வருத்தமில்லை, அவர் பாட ஆரம்பித்தாலே பக்கத்தைப் புரட்டிவிடுகிற ஆள் நான்.

ஆனால் 2003 படத்தின் முடிவை ஏற்க முடியவில்லை. டோல்கீனின் நாவலில் குட்டை மனிதர்களான ஹாபிட்டுகள் நால்வரும் ஊர் திரும்பும்போது அவர்களின் ஊரான ஷயர் சீரழிந்து கிடக்கிறது. வழிநெடுக மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். கதையின் தொடக்கத்தில் முதிய ஹாபிட் பில்போவின் விருந்து நடந்த மரமும் போய்விட்டது. அதைப் பார்த்து நால்வரில் ஒருவனான சாம் அழுதேவிடுகிறான். அப்புறம் எல்ஃப் இனத்து அரசி காலாட்ரியல் முன்பு கொடுத்த ஒரு பெட்டி மண்ணைத் தூவித் தூவி ஊர் முழுக்க மரம் நடுகிறான். இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் படத்தில் ஊர் பச்சைப்பசேல் என்று அப்படியே இருக்கிறது. நால்வரும் மதுக்கடையில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். முதல் படத்தின் நீண்ட பதிப்பில் காலாட்ரியல் சாமுக்குக் கொடுப்பதும் மண் இல்லை, கயிறு!

படத்தை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு நாவலைப் படித்த என் பேத்தி, "அந்த மண்ணை எங்கே தாத்தா விட்டார்கள்?" என்று கேட்டாள். ஜாக்சனைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

– ஓய்வுபெற்ற நூலகர், கும்பகோணம்