என்னைக் கடல் கடக்க விட்டவர்களுக்கு

அன்புடையீர்,

1992 நவம்பர் 25 அன்று அயர்லாந்தின் வாக்குச்சாவடிகளுக்குச் சென்று பதின்மூன்றாம் அரசமைப்புத் திருத்தத்தை ஆதரித்த உங்களில் ஒருவரைக்கூட நான் அறியேன். ஆயினும் உங்களுக்கு நான் கடன்பட்டவள்.

அவ்வாண்டு பிப்ரவரியில், வன்புணர்வால் கருவுற்ற 14 வயதுச் சிறுமி கருக்கலைப்புக்காக இங்கிலாந்து செல்லக் கூடாதென்று உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. ஆனால் அவள் உயிருக்கே ஆபத்து இருந்ததால்தான் நீக்கியது. அத்தகைய ஆபத்து இல்லாத பெண்ணைத் துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தலாமா என்ற அச்சத்தைப் போக்கியவர்கள் நீங்கள்தாம். வாக்களித்தோரில் 62 விழுக்காட்டுக்கும் மேலானோர் சேர்ந்து, கருவிலிருக்கும் உயிருக்குத் தாயின் உயிருக்குச் சமமான உரிமை தந்து கருக்கலைப்பைத் தடுத்த எட்டாம் திருத்தம், வேறு நாட்டுக்குப் பயணம் செய்யும் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தாது என்ற வரியை அரசமைப்பில் எழுதவைத்தீர்கள். 2018 பொதுவாக்கெடுப்பில் எட்டாம் திருத்தத்தோடு அவ்வரியும் நீங்கிவிட்டதால், அது செய்த உதவி மறக்கப்பட்டுவிடக் கூடாதென்றே எழுதுகிறேன்.

2011-இல் டப்ளினில் செவிலியராகப் பணியாற்றியபோது, என் வயிற்றிலிருந்த குழந்தைக்கு மண்டையோடு உருவாகவில்லை, பிறந்தாலும் பிழைக்காது என்று 20-ஆவது வார ஸ்கேனில் தெரிந்தது. மருத்துவர் விவரம் சொல்லலாம், எனக்காக வெளிநாட்டு மருத்துவமனையில் நாள் குறித்துத் தரக் கூடாது என்பது அன்றைய சட்டம். என்னிடம் இருந்ததோ இந்திய பாஸ்போர்ட். அயர்லாந்தின் அரசமைப்பு போகலாம் என்றாலும் பிரிட்டன் விசா இல்லாமல் போக முடியாது. குழந்தை அசைவதை உணர்ந்தபடியே விசாவுக்காகக் காத்திருந்த அந்த நாட்களில், விண்ணப்பத்தை நிரப்பித் தந்து, என் இரவுப் பணிகளையும் தாமே ஏற்றுக்கொண்ட தோழியே, உமக்கு நன்றி.

லிவர்பூலில் எங்களுக்கு அறை கொடுத்து, வாடகை வாங்க மறுத்த அம்மையாருக்கும் நன்றி. 1980-களில் லண்டனில், அயர்லாந்திலிருந்து தனியே வரும் பெண்கள் அடையாளம் கண்டுகொள்வதற்காகச் சிவப்புப் பாவாடை உடுத்து ரயில் நிலையத்தில் காத்திருந்தவர்களைப் பற்றி அவர்தாம் எனக்குச் சொன்னார். அன்றிரவு அவர் வைத்துத் தந்த கஞ்சியைத்தான் இரண்டு நாட்களுக்குப் பிறகு என்னால் உண்ண முடிந்தது.

எங்கள் மகளின் சாம்பல் பின்னர் கூரியரில் வந்தது. உறையின் மீதிருந்த குறிப்பைப் படித்துவிட்டு, அதை வாசலில் வைக்காமல், தொப்பியைக் கழற்றி இரு கைகளாலும் என்னிடம் கொடுத்த பெயர் தெரியாத இளைஞரே, உமக்கும் என் நன்றி.

இப்படிக்கு,
டப்ளினில் வாழும் ஒரு தாய்