பியெஸ்தானியில் அணைந்த விளக்குகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 20 வயதுக்குட்பட்டோருக்கான உலக ஐஸ் ஹாக்கிப் போட்டியைப் பற்றி எழுதும்போது, பதக்கப் பட்டியலோடு நின்றுவிடாமல், 1987 ஜனவரி 4 அன்று செக்கோஸ்லோவாக்கியாவின் பியெஸ்தானி நகரில் நடந்ததையும் நினைவூட்ட வேண்டுகிறேன். சோவியத் ஒன்றியத்துக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் கனடா 4-2 என முன்னிலையில் இருந்தபோது கைகலப்பு மூண்டு, மாற்று வீரர்களும் பனித்தளத்தில் இறங்கிவிட, அடக்க வழியறியாமல் அரங்கின் விளக்குகளையே அணைத்தார்கள். இருட்டில் சண்டை நின்றுவிடும் என்று நம்பியவர் யாரோ! இரு அணிகளும் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டதால், கனடா கைக்கெட்டிய பதக்கத்தை இழந்தது. தங்கம் பின்லாந்துக்குப் போனது. அந்த இளைஞர்களை மட்டும் பழிக்காமல், அவர்களைத் தடுத்து நிறுத்தத் தவறிய பெரியவர்களையும் கேள்வி கேட்பதே நியாயம் என்பது என் கருத்து.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்