டீ போடக் கற்கும் தம்பிக்காக, அவன் அம்மாவுக்கு

அன்புள்ள அக்கா,

செவ்வாய்க்கிழமை மீட்டிங் முடிந்ததும் நீங்கள் ஒன்றும் பேசாமல் கிளம்பிப் போனீர்கள். கையில் தம்பியின் மதிப்பீட்டுத் தாள். மூன்று மாதத்துக்கு முன்பு ‘பி’ போட்டிருந்த இடங்களில் முக்கால்வாசி இந்த முறையும் ‘பி’தான். வாசல் வரை உங்களோடு வந்திருக்க வேண்டும். அதற்குள் அடுத்த பெற்றோர் வந்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்தத் தாளை எம்.டி.பி.எஸ். (மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்) என்போம். தம்பியைப் போல அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் அன்றாட வேலைகளில் எவற்றைச் செய்கிறார்கள் என்று பார்க்கும் மதிப்பீடு அது. 1970களில் சென்னையில் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் உருவாக்கியது. சாப்பிடுவது, உடுத்துவது, பணம், நேரம் என்று 18 பகுதிகள். பகுதிக்கு 20 வீதம் 360 செயல்கள். செய்தால் ‘ஏ’, செய்யாவிட்டால் ‘பி’. எங்கிருந்து தொடங்கலாம் என்று பார்க்க எனக்கு இன்றும் அதுதான் துணை. ஆனால் ‘பி’க்கும் ‘ஏ’வுக்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது. இந்த மூன்று மாதமும் தம்பி நடந்தது அந்தத் தூரத்தைத்தான்.

சட்டைப் பித்தானையே பாருங்கள். ஜூன் மாதம் அவன் விரலைப் பிடித்துத்தான் போட வைத்தேன். இப்போது நாக்கைக் கடித்துக்கொண்டு, இடது கட்டைவிரலால் துணியை இழுத்துப் பிடித்து, பித்தானைச் சாய்த்து ஓட்டைக்குள் தள்ளுகிறான். கழுத்துப் பித்தானுக்கு மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறான். தாளில் அது ‘பி’. என் நோட்டில் அதற்கு மூன்று குறிகள் வைத்திருக்கிறேன்: கைபிடித்து, சொன்னதும், தானாக. கீழே உள்ள நான்கு பித்தான்களுக்கும் இப்போது ‘தானாக’ விழுந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெயர் எழுத வைப்பது என்று போன வருடம் நீங்களும் நானும் முடிவு செய்தோம். அவனைக் கேட்கவில்லை. அது என் தவறு. ஒரு வருடம் பென்சிலைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். போன மாதம் ஐந்து படங்களை மேசையில் பரப்பி, எதைக் கற்றுக்கொள்ள ஆசை என்று கேட்டேன். டீ கிளாஸ் மேல் கை வைத்தான். மறுநாள் படங்களை இடம் மாற்றி வைத்தேன், அதே கிளாஸ். மூன்றாம் நாளும் அதேதான். பிறகென்ன, இந்தப் பருவத்துக்கு டீ போடுவதுதான் இலக்கு.

கடைசியிலிருந்து தொடங்குவோம். அடுப்பும் வடிகட்டுவதும் இப்போதைக்கு உங்கள் வேலை. அவன் சர்க்கரை போட்டுக் கலக்கி, பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அது பழகியதும் வடிகட்டுவது, அப்புறம் அதற்கு முந்தைய வேலை. இப்படிப் போனால் தினமும் வேலையை முடிப்பவன் அவனாகவே இருப்பான். பாட்டி வாங்கிக் குடிப்பதைப் பார்ப்பானே, அதைவிடப் பெரிய பரிசு எதுவும் வேண்டாம்.

சமையலறையில் மாதக் காலண்டர் மாட்டியிருக்கிறீர்கள் அல்லவா, கொடுத்துவிட்டு வந்ததும் அந்தத் தேதியில் அவனே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டட்டும். மறந்துவிட்டான் என்று தயவுசெய்து நீங்கள் ஒட்டிவிடாதீர்கள். காலியாக இருக்கும் கட்டமும் எனக்கு வேண்டும். அன்று என்ன நடந்தது என்று பேசலாம்.

பதினெட்டுக்குப் பிறகு என்ன என்று அன்று கேட்டீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்விக்கு 6 முதல் 18 வயது வரைதான் உரிமை தருகிறது. தம்பிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. தொழிற்பயிற்சியா, வீட்டோடு ஒரு சின்ன வேலையா, இன்று என்னால் முடிவாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தப் பேச்சு நடக்கும்போது அவன் அந்த அறையில் இருக்க வேண்டும். முன்னால் படங்கள் இருக்க வேண்டும். எது வேண்டும் என்று கைவைத்துக் காட்ட அவனுக்குத் தெரிகிறது, அக்கா. அதை நான் மூன்று நாள் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அவனிடம் கைப்பிடி உள்ள கப் ஒன்று கொடுத்தனுப்புங்கள். இங்கே இருக்கும் எவர்சில்வர் டம்ளர் சூடானதும் கையை இழுத்துக்கொள்கிறான்.

அன்புடன்,
டீச்சர்