பழைய வீட்டைக் காப்பவருக்கு வரியில் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வரவுசெலவுத் திட்டத்துக்கு மக்களிடம் யோசனை கேட்கும் காலம் இது. மின் கட்டணம், சம்பளம், வாகன இறக்குமதி பற்றிப் பலரும் எழுதுவார்கள். நான் கொழும்பின் பழைய வீடுகளுக்காக எழுதுகிறேன். நூறு வயது தாண்டிய ஒரு வீட்டை உடைக்காமல், விற்காமல், சொந்தப் பணத்தில் திருத்தி அதிலேயே குடியிருப்பவருக்கு வருமான வரியிலும் சரி, மாநகர சபை வரிப்பணத்திலும் சரி, அதற்கென்று ஒரு சலுகை கிடைக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் என் அப்பப்பா காலத்து வீட்டில் நாங்கள் இருக்கிறோம். முன்னால் விறாந்தை, நடுவில் முற்றம், கபூக் கல் (செம்பாறாங்கல்) சுவர், ஓட்டுக் கூரை. இப்படிப்பட்ட வீட்டுக்குப் பெரிய எதிரி மழைதான். இரண்டு கூரைகள் சேரும் மடிப்பில் ஒரு தகரப் பீலி ஓடும். அதில் ஓர் ஊசித்துளை விழுந்தால் கீழே இருப்பவர்களுக்கு உடனே தெரியாது. தண்ணீர் மரத்துக்குள் இறங்கி, ஈரம் கண்ட இடத்தில் கறையான் ஏறி, கைமரம் உள்ளே மாவாகிப் போன பிறகுதான் மேலே ஓடு சரியும். அந்த மடிப்பை மட்டும் திருத்தக் கூரையில் பாதியைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது உடையும் ஓடுகளுக்குப் பதிலாக அதே அளவு ஓட்டைத் தேடிப் பழைய சாமான் விற்கும் இடங்களில் அலைய வேண்டும்.

சுவர் இன்னொரு கதை. கபூக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் திரும்ப வெளியே விடும். அதன் மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். இரண்டு மாரி போனதும் உப்புப் பூத்து, பெயின்ட் செதில் செதிலாக உரியும். அப்புறம் பூச்சே பாளம் பாளமாக விழும். சரி, சுண்ணாம்பே பூசலாம் என்றால் அதை நீற்றி, ஊறவைத்து, சலித்து, மெல்லிய பூச்சாகப் பூசி, ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்ததைப் போட வேண்டும். அந்த வேலை தெரிந்த மேசன் குறைவு. நாள் கூலியோ இரண்டு மடங்கு நாட்களுக்குப் போகும். எங்கள் வீட்டைப் பார்க்க வந்த மேசன் பாஸ் ஒருவர் சுற்றிவளைக்காமல் சொன்னார்: "ஐயா, இதை உடைச்சிட்டுச் சிலாப் போட்டீங்கன்னா பிரச்சினை முடிஞ்சுது." அவர் கணக்குப்படி அது சரிதான். உடைப்பது லாபமாகவும் காப்பது நஷ்டமாகவும் இருக்கும்படி நாம் வரியையும் சட்டத்தையும் வைத்திருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

வீட்டை வாடகைக்கு விடுபவருக்கு வாடகை வருமானத்தில் 25 வீதத்தைத் திருத்த வேலைக்கும் பராமரிப்புக்கும் தேய்மானத்துக்குமாகக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. நேற்றுக் கட்டிய மாடிக்கும் நூறு வருட வீட்டுக்கும் அதே 25 வீதம். சொந்தக்காரரே குடியிருந்தால் வாடகை இல்லை, ஆகவே கழிவும் இல்லை. கூரையில் சூரிய மின் தகடு பொருத்தினால் ஆண்டுக்கு 6 இலட்சம் ரூபாய் வரை கழிக்கலாம். நல்ல ஏற்பாடு, அது இருக்கட்டும். ஆனால் அந்தத் தகட்டைத் தாங்கும் பழைய கூரையைக் காப்பாற்றச் செலவழித்த பணத்துக்கு அங்கே இடம் இல்லை. வாங்கும் மரம், ஆணி, பெயின்ட் விலையில் 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற் வரியும் (பெறுமதி சேர் வரி) ஏறி நிற்கிறது.

மாநகர சபையின் வரிப்பணம் வருடாந்தப் பெறுமதியை வைத்துப் போடப்படுவது. அந்த வீடு என்ன வாடகைக்குப் போகும் என்பதே அதன் அடிப்படை. ஒழுகும் வீட்டை நன்றாகத் திருத்தினால் அடுத்த மதிப்பீட்டில் பெறுமதி கூடும், வரிப்பணமும் ஏறும். ஒரு வருட வரிப்பணத்தை ஜனவரி 31க்கு முன் மொத்தமாகக் கட்டினால் 10 வீதம் கழிவு தருகிறார்கள். நேரத்துக்குக் கட்டுபவரை ஊக்குவிக்க முடிந்த சபைக்கு, நகரத்தின் முகத்தைச் சொந்தச் செலவில் காப்பவரையும் ஊக்குவிக்க முடியாதா?

இந்த வீடுகள் சும்மா சீரழியவில்லை. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் ஏழைக் குடியிருப்பாளரைக் காக்க வந்தது. அந்த நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உறைந்துபோன வாடகையில் ஓர் ஓடு மாற்றவும் காசு மிஞ்சாமல், புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ வீடுகளைச் சொந்தக்காரர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டே, ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு வரம்பு போட்ட வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டமும் வந்தது. 1983 ஜூலையில் தமிழர்களின் வீடுகள் எரிந்தன. வெள்ளவத்தையில் அந்தக் காலத்து வீடுகள் பல அன்றோடு போயின. மிஞ்சியவற்றில் அநேகம் பிறகு மாடிகளாகிவிட்டன. பேர்ச் கணக்கில் காணி விலை பேசப்படும் ஊரில், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்குப் பங்கு பிரிக்க வேண்டிய வீட்டில், விற்காதே என்று யாரைக் கட்டாயப்படுத்த முடியும்? இன்னமும் நிற்கும் வீடுகள், குடும்பம் குடும்பமாகப் பிடிவாதம் பிடித்ததால் நிற்பவை.

அரசாங்கத்துக்குப் பழைய கட்டடங்களில் அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். கொழும்புக் கோட்டையில் டச்சு ஆஸ்பத்திரியைத் திருத்திக் கடைகளும் உணவகங்களும் வைத்தார்கள். இன்று அங்கே கூட்டம் நிறைகிறது. காலி கோட்டைக்குள் நெதர்லாந்தின் உதவியோடு தனியார் வீடுகளும் திருத்தப்பட்டன. ஆக, குடும்பங்கள் வாழும் வீட்டுக்குப் பொதுப் பணம் உதவுவது இந்த நாட்டில் நடக்காத காரியம் அல்ல. கொழும்பில்தான் அது நடக்கவில்லை. இங்கே புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த, பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவின் வீட்டையே அது கட்டப்பட்ட இடத்தில் வைத்திருக்க முடியவில்லை. கல் கல்லாகக் கழற்றி, பாவாவின் தோட்டமான லுணுகங்கைக்குக் கொண்டுபோய்த்தான் திரும்பக் கட்டினார்கள். உலகம் அறிந்த வீட்டுக்கே அதுதான் நிலை என்றால், ஜம்பட்டா வீதிப் பக்கத்தில் பெயர் தெரியாத ஒரு வீட்டுக்கு யார் இருக்கிறார்கள்?

1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் நூறு ஆண்டு கடந்த கட்டடத்தையும் பாதுகாக்கப்பட்டதாக வர்த்தமானியில் அறிவிக்கலாம். அறிவித்த பிறகு அனுமதி இல்லாமல் அதில் கை வைக்க முடியாது. அது நியாயமே. ஆனால் அந்தக் கடமைக்கு ஈடாக வரியில் ஒரு கழிவு அதில் இல்லை. அதனால்தான் தொல்பொருள் திணைக்களம் என்ற பெயரைக் கேட்டாலே வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள். வர்த்தமானி வருவதற்கு முன் உடைத்துவிடுவோம் என்று நினைப்பவர்களும் உண்டு. தடை மட்டும் போட்டால் அதுதான் நடக்கும்.

மற்ற நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் பாதுகாக்கப்பட்ட வீட்டில் சொந்தக்காரரே குடியிருந்தால், ஒப்புதல் பெற்றுச் செய்த திருத்தச் செலவில் ஆண்டுக்கு 9 வீதமாகப் பத்து ஆண்டுகளுக்கு வருமான வரியில் கழிக்கலாம். கலிபோர்னியாவில் 1972இலிருந்து மில்ஸ் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சொந்தக்காரரும் நகர சபையும் குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் செய்கிறார்கள். வீட்டை அதன் தன்மை கெடாமல் பராமரிப்பதாக இவர் கையெழுத்திடுகிறார். சொத்து வரி குறைகிறது. வீட்டைக் கைவிட்டதாலோ கெடுத்ததாலோ ஒப்பந்தம் ரத்தானால், அதன் சந்தைப் பெறுமதியில் 12.5 வீதம் தண்டம். சலுகையை வாங்கிக்கொண்டு வீட்டை விட்டுவிட யாருக்கும் துணிவு வராது.

இந்த இரண்டில் கொழும்புக்கு முதலில் வேண்டியது கலிபோர்னிய வழிதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். காரணம், பழைய வீடுகளில் இருப்பவர்கள் அநேகமாக ஓய்வூதியக்காரர்கள், விதவைகள், பிள்ளைகள் வெளிநாடு போன வயதானவர்கள். ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை வருமானத்துக்கு வரி இல்லை. வரியே கட்டாத ஒரு பாட்டிக்கு வருமான வரிக் கழிவு கொடுத்து என்ன பயன்? அவர் கட்டுவது மாநகர சபைக்கு வரிப்பணமும், கடையில் வற் வரியும்தான். ஆகவே வரிப்பணத்தில் குறைப்பு முதலில் வர வேண்டும். திருத்த வேலை செய்ததற்காகப் பத்து ஆண்டுகளுக்கு வருடாந்தப் பெறுமதியை ஏற்றக் கூடாது. அனுமதி பெற்ற வேலைக்கு வாங்கிய சாமான்களின் வற் வரியைப் பற்றுச்சீட்டைக் காட்டித் திரும்பப் பெற வழி வேண்டும். வருமான வரிக் கழிவு, உழைக்கும் வயதில் இருந்து அப்பா அம்மாவின் வீட்டுக்குச் செலவழிக்கும் பிள்ளைகளுக்கு உதவும். அதை அடுத்ததாகக் கொண்டுவரலாம்.

2022இல் நாடு பட்ட பாட்டுக்குப் பிறகு இதற்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சலுகை எல்லா வீட்டுக்கும் அல்ல. தொல்பொருள் திணைக்களமோ நகர அபிவிருத்தி அதிகார சபையோ பெறுமதி உள்ளதென்று ஏற்றுக்கொண்ட வீட்டுக்கு, சொந்தக்காரர் தாமாக விண்ணப்பித்தால் மட்டும். ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைக்கலாம். கறுவாத்தோட்டத்து மாளிகைக்கும் கொட்டாஞ்சேனை வீட்டுக்கும் அதே வரம்பு இருந்தால், இது பணக்காரருக்கான சலுகை என்ற பேச்சும் எழாது. ஒப்பந்தத்தை மீறி உடைத்தால் பெற்ற சலுகை முழுவதையும் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். காணி உறுதியிலேயே அந்த நிபந்தனையைப் பதிந்துவிட்டால் வாங்குபவரையும் அது கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சலுகை வந்தால் அதற்கான படிவமும் வேலைக்கான விதிமுறைகளும் தமிழிலும் இருக்க வேண்டும். எந்தச் சுவருக்கு எந்தப் பூச்சு, எந்த வேலைக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை ஒரு மேசன் வாசித்து விளங்கும் தமிழில் அச்சடித்து, மாநகர சபையின் வரிப்பணக் கருமபீடத்திலேயே வைக்க வேண்டும். வரிப்பணம் கட்டப் போகும் வயதானவர்கள் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
கொழும்பு 13